சாயமும் சாட்சியமும்
நொய்யல் வழக்குகளில் எண்ணப்படாத உடல்கள்

மக்களின் உடல்நலத்தைத் தீர்மானிக்கும் காரணிகளுள் வணிகமும் ஒன்று என்னும் கருத்து அண்மைக் காலமாக மருத்துவ ஆய்வுலகில் வலுப்பெற்று வருகிறது. 2023 மார்ச்சில் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இப்பொருள் குறித்து ஒரு கட்டுரை வரிசையையே வெளியிட்டது. புகையிலை, மது, மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவு, புதைபடிவ எரிபொருள் ஆகிய 4 தொழில்கள் மட்டுமே உலக மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவற்றோடு தொடர்புடையவை என்று அது எடுத்துக்காட்டியது. இவை நான்கும் எல்லாரும் அறிந்த எதிரிகள். இவற்றைக் கண்டிப்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு எழுவதில்லை. ஆனால், ஓர் ஊருக்கே சோறு போடும் தொழில், பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கட்டித் தந்த தொழில், நம் உறவினரும் அண்டை வீட்டாரும் உழைக்கும் தொழில், அதே ஊரின் தண்ணீரைக் கெடுக்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? இக்கேள்விக்குக் கொங்கு நாட்டின் நொய்யல் ஆற்றைவிடப் பொருத்தமான களம் வேறில்லை.

நொய்யல் வழக்குகளைப் பற்றிச் சட்டத் துறையிலும் பொருளியல் துறையிலும் நிறையவே எழுதப்பட்டுள்ளன. ‘மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும்’ என்னும் கோட்பாட்டின் வெற்றியாக அவை பெரும்பாலும் புகழப்படுகின்றன. அப்புகழ்ச்சியில் உண்மை உண்டு. எனினும், அத்தீர்ப்புகள் எவற்றை அளந்தன, எவற்றை அளக்கவில்லை என்னும் கேள்வி இன்னும் உரிய அழுத்தத்தோடு எழுப்பப்படவில்லை என்றே நாம் கருதுகிறோம். வணிக நலன் மக்கள் நல்வாழ்வின் மீது செலுத்தும் ஆதிக்கம் கையூட்டாலும் அரசியல் செல்வாக்காலும் மட்டுமே நிகழ்வதன்று. எது இழப்பாகக் கணக்கிடப்பட வேண்டும், மெய்ப்பிக்கும் சுமை யார் தோளில் ஏற்றப்பட வேண்டும் என்பவற்றை முடிவு செய்வதன் வழியாகவே அது ஆழமாக வேரூன்றுகிறது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறும் தொழிலும்

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. மழை மறைவுப் பகுதியான கொங்கு மண்ணில், இவ்வாற்றைச் சார்ந்த அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் குளங்களுமே நெடுங்காலம் வேளாண்மையைத் தாங்கின. கோவை உக்கடம் பெரியகுளமும் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியே.

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்கு வித்திட்டவர்கள் முஸ்லிம்கள் என்பதை இன்றைய தலைமுறை மறந்துவிட்டது. 1925-ஆம் ஆண்டளவில் குலாம் காதர் குடும்பத்தார் தொடங்கிய ‘பேபி நிட்டிங்’ நிறுவனமே அவ்வூரின் முதல் பின்னலாடைத் தொழிற்கூடம் என்று தொழில் வரலாறு கூறுகிறது. உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் நெய்த வரையில் சாயத்தின் தேவை மிகுதியாக இல்லை. 1980-களில் ஏற்றுமதிச் சந்தை திறந்தபின் நிலைமை மாறியது. 1980-களின் நடுவில் ஏறத்தாழ 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, இருபதே ஆண்டுகளில் பல்லாயிரம் கோடியாகப் பெருகியது. வண்ண ஆடைகளுக்காகச் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. 2000-ஆம் ஆண்டளவில் அவற்றின் எண்ணிக்கை 700-ஐ எட்டியது. நாளொன்றுக்கு 8 கோடி லிட்டருக்கும் மேற்பட்ட கழிவுநீர் நொய்யலிலும் அதன் ஓடைகளிலும் விடப்பட்டது.

இங்கே ஒரு வேதியியல் உண்மையைக் கருத்தில் கொள்ள வேண்டும். பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்குப் பெருமளவு உப்பு தேவை. சாயத்தை நூலிழையை நோக்கித் தள்ளுவதே உப்பின் வேலை; அது துணியில் தங்குவதில்லை. போட்ட உப்பு அனைத்தும் தண்ணீரோடு வெளியேறிவிடுகிறது. நிறத்தைச் சுண்ணாம்பு முதலியவற்றால் ஓரளவு நீக்கலாம். கரைந்த உப்பை அவ்வாறு நீக்க இயலாது. எனவே, 1990-களின் பிற்பகுதியில் அமைக்கப்பட்ட 8 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கண்ணுக்குத் தெரிந்த நிறத்தைக் குறைத்தனவே அன்றி, கண்ணுக்குத் தெரியாத உப்பை அப்படியே ஆற்றுக்கு அனுப்பின. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் வடிகட்டி, எஞ்சியதைக் காய்ச்சி உப்பாக்கும் முறையொன்றே இதற்குத் தீர்வு. அது செலவு மிக்கது. அச்செலவை யாரும் ஏற்க முன்வரவில்லை.

இந்நிலையில், 1992-இல் பாசனத்துக்கென ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. நீரைத் தேக்க வேண்டிய அணை, சாயக்கழிவைத் தேக்கும் தொட்டியாயிற்று. அணையைத் திறக்க வேண்டும் என்று போராடுவது உழவர் இயல்பு. திறந்துவிடாதீர்கள் என்று ஆயக்கட்டு உழவர்களே மன்றாடிய அணை இது. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ நாவல் 1998-இல் வெளிவந்தபோது, அவ்வூரின் சாயக்கழிவு இலக்கியத்திலும் இடம் பெற்றுவிட்டது. நீதிமன்றங்களின் இறுதிச் சொல் வருவதற்கோ இன்னும் 10 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

தீர்ப்புகளின் வரிசை

நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணை பிறப்பித்தது. சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியேற்றாத நிலையை 2007 ஜூலைக்குள் அடைய வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசு தொடங்கி 10 காசு வரை உயரும் தண்டத்தொகை செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். இதை எதிர்த்த சாய ஆலை உரிமையாளர்களின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபர் 6-இல் தள்ளுபடி செய்தது. அதன் பின்னும் ஆணை நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28-இல் உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகள் அனைத்தையும் மூடுமாறு ஆணையிட்டது.

இதற்கு முன்பே, 1996-இல் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையொட்டி அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம், நொய்யல் பகுதியை ஆராய்ந்து 2004-இல் இழப்பீடு வகுத்தது. 68 கிராமங்களைச் சேர்ந்த 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உழவர்களுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் என்பது அதன் முடிவு. சராசரியாக ஒருவருக்கு 9 ஆயிரம் ரூபாயும் தேறாது. நிலம் முழுவதையும் இழந்தவனுக்கு அது எத்தனை மாதக் கஞ்சிக்கு ஆகும் என்று வினவுவோர் வினவட்டும். நம் வினா வேறு.

எதை அளந்தார்கள்?

அந்த இழப்பீடு எதன் அடிப்படையில் கணக்கிடப்பட்டது? விளைநிலத்தின் அடிப்படையில். மண்ணிலும் கிணற்று நீரிலும் ஏறிய உப்பின் அளவு, அதனால் குறைந்த மகசூல், பாதிக்கப்பட்ட பரப்பு ஆகியவையே அளவுகோல்கள். இவை அறிவியல் முறையில் அளக்கப்பட்டன. அதில் குறை காண இடமில்லை. ஆயினும், அவ்வளவுகோலை ஏற்ற கணமே, நிலம் இல்லாதவர் இழப்புப் பட்டியலிலிருந்து நழுவிவிட்டார். அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்த பண்ணைக் கூலியாள், அதே ஓடைநீரில் துணி துவைத்த பெண், அந்நீரில் கஞ்சி காய்ச்சி ஊட்டப்பட்ட குழந்தை ஆகியோருக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாதவருக்கு இழப்பும் இல்லை என்றாயிற்று. தென்னை பெற்ற இடத்தைத் தென்னைக்கு நீர் பாய்ச்சியவன் பெறவில்லை.

உப்பேறிய தண்ணீர் உடலை ஒன்றும் செய்யாது என்று கருதுவாரும் உளர். குடிநீரில் கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்கத்தக்கது என்றும், மாற்று நீர்நிலை இல்லாதபோது 2,000 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. வங்கதேசத்தின் கடலோரமான தாக்கோப் பகுதியில் கர்ப்பிணிகளை ஆராய்ந்தவர்கள், உப்புமிக்க குடிநீருக்கும் பேறுகால இரத்தக் கொதிப்புக்கும் இடையே தொடர்பைக் கண்டு 2011-இல் வெளியிட்டனர். சாயத்தைப் பொறுத்தவரை எச்சரிக்கை அதனினும் பழையது. பிராங்க்பர்ட் நகரில் சாயத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதை லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் 1895-லேயே அறிவித்துவிட்டார்.

இவ்விடத்தில் ஒரு முரணை எண்ணிப் பார்க்க வேண்டும். தீங்கு தரும் அமின்களாகச் சிதையக்கூடிய அசோ வகைச் சாயங்கள் தோய்ந்த ஆடைகளை ஜெர்மனி 1994-இல் தடை செய்தது. அந்த ஆடைகளை உடுத்தும் தன் குடிமக்களின் தோலைக் காப்பதே அதன் நோக்கம். சந்தை பறிபோய்விடும் என்றதும் இந்தியத் தொழிலும் அரசும் விரைந்தன. 1997-க்குள் 112 சாயங்கள் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. ஜெர்மானிய நுகர்வோரின் தோலைக் காக்க 3 ஆண்டுகள் போதுமாயிருந்தன. ஆடை நெய்த ஊரின் குடிநீரைக் காக்கவோ, அத்தடைக்குப் பின்னரும் 14 ஆண்டுகள் ஆகி, ஆலைகளையே மூட வேண்டியதாயிற்று. இரண்டு வழக்கிலும் தொழில் ஒன்றே. வேதிப்பொருள் அறிவும் ஒன்றே. வேறுபட்டது, பாதிக்கப்படுபவர் வாங்குபவரா அல்லரா என்பது மட்டுமே.

தண்டத்தொகையிலும் இதே கணக்கு ஒளிந்திருக்கிறது. லிட்டருக்கு 6 காசு எனின் ஆயிரம் லிட்டருக்கு 60 ரூபாய். பவானியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீர் கொணரும் திட்டம், இந்தியாவில் தனியார் பங்கேற்புடன் அமைந்த முன்னோடிக் குடிநீர்த் திட்டங்களுள் ஒன்றாகத் திருப்பூரில் 2005–2006-இல் செயலுக்கு வந்தது. தொடக்கத்தில் தொழிற்சாலைகளுக்கு அது ஆயிரம் லிட்டரை 45 ரூபாய்க்கு வழங்கியது. புதுநீரின் விலை 45, அதைக் கெடுத்து ஆற்றில் விடுவதன் விலை 60. தண்டம் என்பது தடுப்பதற்காக இல்லாமல் செலவுக் கணக்கில் ஒரு பத்தியாக மாறிவிட்டால், அது தண்டம் ஆகாது. தீங்கு செய்வதற்கான கட்டணமே ஆகும். பணக் கணக்கால் நிற்காத கழிவை ஆலைக் கதவின் பூட்டே நிறுத்தியது என்பதை 2011 மெய்ப்பித்தது.

ஐயத்தின் பயன்

உடலுக்கு நேர்ந்த தீங்கு ஏன் கணக்கில் ஏறவில்லை? நிலத்தில் உப்பேறியதை ஒரு கருவி காட்டிவிடும். ஒருவரின் சிறுநீரகமோ கருப்பையோ பாதிக்கப்பட்டதற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று மெய்ப்பிப்பது எளிதன்று. புகைபிடித்தல், பூச்சிமருந்து, வறுமை, பரம்பரை என்று வேறு காரணங்களைச் சுட்ட எப்போதும் இடமுண்டு. இந்த இடைவெளியைப் பயன்படுத்துவதில் உலக வணிகம் நெடுநாளாகத் தேர்ச்சி பெற்றுள்ளது. புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டதும், அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் 1954 ஜனவரியில் நாளிதழ்களில் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. தொடர்பு இன்னும் உறுதியாகவில்லை என்றும், ஆய்வுக்குத் தாமே பொருளுதவி செய்வோம் என்றும் அவை அறிவித்தன. ஐயம் நீடிக்கும் வரை விற்பனையும் நீடித்தது.

ஜப்பானின் மினமாட்டா இதனினும் கொடிய பாடம். அங்கே 1956-இல் விந்தையான நரம்பு நோய் அறியப்பட்டது. ஆலைக் கழிவை உணவில் கலந்து பூனைக்கு ஊட்டி, அதே நோய் வருவதை 1959-இல் ‘சிஸோ’ ஆலையின் சொந்த மருத்துவரே கண்டுபிடித்தார். நிறுவனம் அதை வெளியிடவில்லை. பாதரசமே காரணம் என்று ஜப்பானிய அரசு ஒப்புக்கொண்டது 1968-இல். அந்த இடைக்காலத்தில் கழிவு கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

உடல்களை எண்ணுவது இயலாத காரியம் என்றும் சொல்ல முடியாது. நமக்கு மேற்கே கேரளத்தின் காசர்கோட்டில், முந்திரித் தோட்டங்களின் மீது 20 ஆண்டுகளுக்கு மேல் வானூர்தியிலிருந்து எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. தெளித்தது அரசுத் தோட்டக் கழகம். மக்கள் போராடினர், மருத்துவ முகாம்கள் நடந்தன, பாதிக்கப்பட்டோர் பெயர்வாரியாகப் பட்டியலிடப்பட்டனர். அப்பட்டியலின் வலிமையில்தான் தலைக்கு 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட முடிந்தது. அங்கே எண்ணப்பட்டவர் மனிதர். இங்கே எண்ணப்பட்டது ஏக்கர்.

சாயக்காரரின் பொறுப்பு

மெய்ப்பிக்கும் சுமை பற்றிய இச்சிக்கல் இஸ்லாமியச் சட்டவியலுக்குப் புதியதன்று. வியப்புக்குரிய வகையில், நம் நூல்களில் இதற்குரிய எடுத்துக்காட்டாகச் சாயக்காரரே இடம்பெறுகிறார். ஒருவர் துணியைச் சாயமேற்றக் கொடுக்கிறார். துணி கெட்டுவிட்டது அல்லது தொலைந்துவிட்டது என்கிறார் சாயக்காரர். பொது விதிப்படி, கைவினைஞர் நம்பி ஒப்படைக்கப்பட்டவர் ஆவார். அவர் கவனக்குறைவாக நடந்தார் என்பதைத் துணிக்கு உரியவரே மெய்ப்பிக்க வேண்டும். ஆனால், பட்டறைக்குள் நடந்ததைப் பட்டறைக்கு வெளியே நிற்பவர் எவ்வாறு மெய்ப்பிப்பார்? ஆகவே, கைவினைஞரே பொறுப்பேற்க வேண்டும் என்று நேர்வழி பெற்ற கலீஃபாக்கள் முடிவு செய்ததாக அறிவிக்கப்படுகிறது. அலீ (ரலி) அவர்களின் பெயரால் வரும் அறிவிப்பு, சாயக்காரரையும் பொற்கொல்லரையும் பெயர் சுட்டியே பொறுப்பாக்குகிறது. மக்களின் நலன் இதனாலன்றிச் சீராகாது என்பது அதன் காரணம்.

அவ்வறிவிப்பின் வலிமை குறித்து இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஐயம் கொண்டதும், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் பொது விதியிலேயே நின்றதும், அவர்தம் மாணவர் இருவரும் மாறுபட்டதும் மாணாக்கர் அறிந்தவையே. மாலிக்கி அறிஞர் ஷாதிபி (இறப்பு ஹி. 790) இதனைப் பொதுநலன் என்னும் மஸ்லஹாவுக்குத் தக்க சான்றாக எடுத்தாண்டார். கைவினைஞரைப் பொறுப்பாக்கினால் சில வேளை குற்றமற்றவரும் ஈடு செலுத்த நேரிடும். பொறுப்பாக்காவிடில் மக்கள் அனைவரின் பொருளும் பாழாகும். இவ்விரண்டில் பொதுவான தீங்கைத் தடுப்பதே முற்பட்டது என்பது வாதம்.

ஒரு முழத் துணிக்காக மெய்ப்பிக்கும் சுமையை இடம் மாற்றிய மரபு அது. துணிக்கே அவ்வாறெனில், அதைத் தோய்த்த நீரைக் குடித்த உடலுக்கு எவ்வாறிருக்க வேண்டும்? என்ன வேதிப்பொருள் கலந்தது, எவ்வளவு வெளியேறியது என்பதை ஆலை அறியும். ஆற்றங்கரையில் இருப்பவர் அறியார். அறிவு யாரிடம் உள்ளதோ அவரே தீங்கின்மையை மெய்ப்பிக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் நெறி.

தீங்கு பழமையானது என்பதாலேயே உரிமையாகிவிடாது என்பதை உஸ்மானியச் சட்டத் தொகுப்பான ‘மஜல்லா’ தன் தொடக்க விதிகளுள் ஒன்றாகவே வைத்துள்ளது. பொதுத் தீங்கைத் தடுக்கத் தனித் தீங்கைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதும் அதன் மற்றொரு விதி. ஹிஜ்ரி 8-ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரத்துக் கட்டட வல்லுநர் இப்னுர் ராமி, அண்டை வீட்டாரைத் துன்புறுத்தும் புகை, நாற்றம், அதிர்வு ஆகியவற்றைத் தனித்தனி ‘ளரர்’ வகைகளாகப் பகுத்து நூல் செய்தார். அங்காடியைக் கண்காணித்த முஹ்தஸிபுக்காக எழுதப்பட்ட ஹிஸ்பா நூல்கள் சாயக்காரர் முதல் தண்ணீர் சுமப்போர் வரை ஒவ்வொரு தொழிலையும் தனி அதிகாரத்தில் விசாரிக்கின்றன.

இவ்வளவும் நம் பாடநூல் அலமாரியில் இருக்கின்றன. எனினும், தண்ணீர் பற்றி நம் கல்லூரிகளில் நடைபெறும் பாடம் எதுவரை செல்கிறது? நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றும் மாறாத நீரே தூய்மை செய்ய வல்லது. அசுத்தம் கலந்து மாறியதா, குங்குமப்பூப் போன்ற தூய பொருள் கலந்து மாறியதா என்பதைப் பொறுத்துச் சட்டம் வேறுபடும். ஷாஃபிஈ மத்ஹபினர் இதில் இறுக்கமானவர்கள். கொங்கு மண்டலத்து இராவுத்தர்களும் உருது பேசுவோரும் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹப் சற்றே நெகிழ்வானது. இப்பாடம் தேவையானதே. ஆனால், சாயம் கலந்த நீரில் உளூ நிறைவேறுமா என்று நுணுகி ஆராயும் மாணவர், அந்நீரை ஓடையில் விட்டவரின் பொறுப்பு யாது என்று கேட்கப் பழக்கப்படுவதில்லை. முதல் வினா தூய்மை இயலில் உள்ளது; இரண்டாம் வினா ‘ளமான்’ என்னும் ஈட்டுப் பொறுப்பு இயலில் உள்ளது. இரண்டையும் ஒரே நீர்நிலையின் கரையில் வைத்துக் கற்பிப்பதே இன்றைய தேவை.

பாலாற்றின் கேள்வி

இவ்விமர்சனத்தைத் திருப்பூரின் ஆலை முதலாளிகளை மட்டும் நோக்கி எழுப்பிவிட்டு அமைவது நேர்மையாகாது. நொய்யல் இழப்பீட்டுக்கு வழிவகுத்த 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றியது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலில் தமிழ் முஸ்லிம்கள் பெரும்பங்கு வகித்து வந்துள்ளனர். அத்தொழிலின் செல்வம் பள்ளிகளையும் கல்லூரிகளையும் அனாதை இல்லங்களையும் அரபிக் கல்லூரிகளையும் வளர்த்தது. அதன் பயனைத் தமிழ் முஸ்லிம் சமுதாயம் முழுவதும் துய்த்துள்ளது. அதே தொழில் பாலாற்றின் நிலத்தடி நீரைக் கெடுத்தது என்பதும் உண்மை. 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் மாண்டனர். 2025 ஜனவரி 30-இல், முதல் தீர்ப்புக்கு 28 ஆண்டுகளுக்குப் பின், இழப்பீட்டையும் பாலாற்றின் சீரமைப்பையும் வலியுறுத்தி உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

ஈட்டிய பொருள் ஹலாலா என்று கேட்கும்போது, வட்டி கலந்ததா, மது கலந்ததா என்று நாம் கேட்கிறோம். பிறர் கிணற்றைக் கெடுத்து மிச்சம் பிடித்த செலவு அதில் கலந்துள்ளதா என்று கேட்பதில்லை. சுத்திகரிப்புக்குச் செலவிட வேண்டிய தொகை செலவிடப்படாமல் இலாபமாயிற்று எனில், அத்தொகை பாதிக்கப்பட்டோர்க்கு உரிய கடன். கடனைத் திருப்பித் தராமல் அதிலிருந்து தானம் செய்வது பற்றி ஃபிக்ஹு நூல்களின் நிலைப்பாடு யாவரும் அறிந்ததே. நன்கொடை பெறும் நிறுவனங்கள் இதைச் சொல்லத் தயங்குவதும் வணிகச் செல்வாக்கின் ஒரு வடிவமே. அதற்கு மிரட்டல் தேவையில்லை, நன்றியுணர்வே போதும்.

மறுப்புகளும் விடைகளும்

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களுள் வலிமையானது வேலைவாய்ப்பு பற்றியது. 2011-இல் ஆலைகள் மூடப்பட்டபோது துன்புற்றவர்கள் முதலாளிகளைவிடத் தொழிலாளர்களே. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் மூட்டை கட்டி ஊர் திரும்பினர். இதை இலேசாகக் கருதுவது கல்நெஞ்சம். ஆயினும், அத்துயரத்துக்குக் காரணம் தீர்ப்பா, தீர்ப்புக்கு முந்தைய இருபதாண்டுக் காலத் தள்ளிப்போடலா? 1990-களில் படிப்படியாகச் செய்திருக்க வேண்டிய முதலீட்டைத் தவிர்த்ததன் விலையைத் தொழிலாளர் ஒரே நாளில் செலுத்தினர். மேலும், தொழிலாளரின் உடலும் இத்தொழிலில் பணயம் வைக்கப்படுகிறது. 2014 மார்ச்சில் பெருந்துறை சிப்காட்டில் சாய ஆலை ஒன்றில் நச்சு வாயு தாக்கி 7 தொழிலாளர்கள் இறந்தனர். கழிவு ஆற்றுக்குப் போகாவிடினும் அதைக் கையாளும் மனிதர் ஒருவர் உள்ளே இருக்கிறார்.

இன்னொரு வாதம்: திருப்பூர் திருந்திவிட்டதே, இன்னும் ஏன் பழைய கதை? மாநில அரசு வட்டியில்லாக் கடனாக அளித்த 200 கோடி ரூபாயின் துணையோடும், தொழில்முனைவோரின் பெருமுதலீட்டோடும் கழிவுநீரை முழுமையாக மீட்கும் நிலையங்கள் அங்கே இயங்குகின்றன. இது பாராட்டத்தக்க சாதனை. இவ்வளவு பெரிய தொழில் நகரம் இம்முறைக்கு மாறியது அரிய நிகழ்வு. ஆனால், இரண்டு குறைகள் எஞ்சி நிற்கின்றன. ஒன்று, கூடுதல் செலவைச் சாய ஆலை சுமக்கிறது. குறைந்த விலைக்கு ஆடை கேட்கும் வெளிநாட்டு வணிகப் பெயர்கள் அதற்கேற்ப விலையை உயர்த்துவதில்லை. நேரடியாகத் தீங்கு செய்பவர், தீங்குக்குக் காரணமாய் அமைபவர் என்று நம் சட்டவியல் இருவரைப் பிரித்து, வரம்பு மீறிய காரணகர்த்தாவையும் பொறுப்பாக்குகிறது. இச்சங்கிலியில் அவர் யார் என்பது சிந்திக்கத்தக்கது. மற்றொன்று, விதி இறுகியபோது சாயம் இடம் பெயர்ந்தது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் அனுமதியின்றி இயங்கும் பட்டறைகளை அதிகாரிகள் இடிப்பதும் அவை மீண்டும் முளைப்பதும் தொடர்கதையாகிவிட்டது. நொய்யலில் தடுக்கப்பட்டது காவிரிக்கு நேராகப் போகுமெனில் அதனால் பயன் என்ன?

முடிவாக

ஒருவர் ‘தொழில் வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா’ என்று கேட்டால், அக்கேள்வியே வணிக நலன் வகுத்துத் தந்தது என்பதை உணர வேண்டும். நியாயமான கேள்வி, தண்ணீரைக் கெடாமல் காக்கும் செலவை யார் ஏற்பது என்பதே. அதற்கான விடை தானாகக் கிடைக்காது. கேட்பவர்கள் இருக்க வேண்டும்.

நாம் முன்வைப்பவை எளியவை. நொய்யல், காலிங்கராயன் வாய்க்கால், பாலாறு ஆகியவற்றின் கரைக் கிராமங்களில், காசர்கோட்டில் செய்ததைப் போல, நிலத்தை விடுத்து மனிதரை அலகாகக் கொண்ட உடல்நலப் பதிவேடு தொடங்கப்பட வேண்டும். கழிவுநீர் அளவீடுகள் ஊர்மக்கள் படிக்கத்தக்க தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை ஆலையைச் சார வேண்டும். ஜமாஅத்துகள் தம் பள்ளிவாசல் கிணற்றின் உப்பளவை ஆண்டுக்கு இருமுறை அளந்து அறிவிக்கலாம்; அந்தக் கருவியின் விலை பெரிதன்று; அந்நீரை அண்டையில் வாழும் எல்லாச் சமயத்தவரும் அருந்துகின்றனர். அரபிக் கல்லூரிகள் ஹிஸ்பாவையும் ளமானையும் இந்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டங்களோடு ஒப்பிட்டுக் கற்பிக்கலாம். நன்கொடை பெறும் அறங்காவலர்கள், கொடுப்பவரிடம் அவர்தம் ஆலைக் கழிவு எங்கே செல்கிறது என்று ஒரு கேள்வி கேட்கலாம்.

ஆறு பேசாது, நிலமில்லாதவரின் உடலும் நீதிமன்றத்தில் பேச வாய்ப்புப் பெறவில்லை. சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று கற்றவர்கள், கண்டதைச் சொல்லும் கடமையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் அல்லர். அல்லாஹ்வே மிக்க அறிந்தவன்.